மறக்கப்பட்ட ஒரு சித்திரக்கதை வீராங்கனை: மலையகத்திலிருந்து ஒரு நோக்கு

சித்திரக்கதையை இலக்கியமாகக் கொள்ளலாமா என்னும் வினா நம்மிடையே முறையாக எழுப்பப்பட்டதில்லை. எழுப்பப்படாமலே அதற்கு விடையும் கூறப்பட்டுவிட்டது. நாவல், சிறுகதை, புதுக்கவிதை என்பன விமரிசகரின் மேசைக்கு உரியனவாயின. நாட்டார் பாடல்களும் கூத்துகளும் சற்றுப் பிந்தியேனும் அம்மேசையில் இடம் பெற்றன. மலிவுத்தாளிற் படமும் பேச்சுமாய் அச்சிடப்பட்ட கதைகளோ, பரீட்சைக் காலத்திற் பெற்றோர் பறித்து ஒளித்துவைக்கும் பொருள் என்ற அளவிலேயே நின்றுவிட்டன. ஒரு காலத்தின் ஆசைகளும் அச்சங்களும் உயர் இலக்கியத்திற் பதிவாவதற்கு முன்னரே மலிவுத்தாளிற் பதிவாகிவிடுவதுண்டு என்பதை ஒப்புக்கொள்வோமாயின், இவ்வலட்சியம் நமக்கு நட்டத்தையே தந்துள்ளது எனலாம்.

என் வாசிப்பு தொடங்கியது ஹற்றனுக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றின் லயக்காம்பிராவிலாகும். மாமாவிடம் ஒரு தகரப்பெட்டி இருந்தது. 1972இல் சிவகாசியிலிருந்து 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கிய முத்து காமிக்ஸ் இதழ்கள் சிலவும், 1984இல் 'கத்தி முனையில் மாடஸ்தி'யோடு தொடங்கிய லயன் காமிக்ஸ் இதழ்கள் பலவும் அதனுள் இருந்தன. மாயாவிகள், உளவாளிகள், துப்பறிவோர் என அப்பெட்டி முழுவதும் ஆடவராகவே நிறைந்திருக்க, மாடஸ்தி ஒருத்தி மாத்திரமே தன் பெயரால் தன் கதையை நடத்தும் பெண்ணாக இருந்தாள். அவளுக்கு முன்னர் எவருமில்லையா என்ற கேள்வி அப்போது எனக்குத் தோன்றவில்லை. பல்கலைக்கழகத்திற்கு வந்தபின் தோன்றிய அக்கேள்வியே என்னை டார்பே மில்ஸ் என்னும் அமெரிக்கப் பெண்ணோவியரிடத்தும், அவர் படைத்த 'மிஸ் ஃபியூரி'யிடத்தும் கொண்டுசென்றது.

1941ஆம் ஆண்டு ஏப்பிரல் 6ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளின் வண்ணப் பக்கங்களில் இக்கதை வெளிவரத் தொடங்கியது. முதலில் 'பிளாக் ஃபியூரி' என்றிருந்த பெயர் அவ்வாண்டு முடிவதற்குள் 'மிஸ் ஃபியூரி' என மாறிற்று. இன்று உலகெங்கும் அறியப்பட்டுள்ள 'வொண்டர் வுமன்' அதே ஆண்டின் இறுதிப் பகுதியிலேயே தோன்றினாள். அவளைப் படைத்தவரும் வில்லியம் மார்ஸ்டன் என்ற ஓர் ஆடவரே. ஒரு பெண் எழுதி, அப்பெண்ணே வரைந்து, வீரச் செயல்களை ஒரு பெண்ணின் கையில் ஒப்படைத்த முதல் முகமூடிக் கதை மிஸ் ஃபியூரியினுடையதாகும். ஆயினும் அதனைப் படைத்தவர் தம் முதற்பெயராகிய 'ஜூன்' என்பதை விலக்கி, ஆணா பெண்ணா என அறியவொண்ணாத 'டார்பே மில்ஸ்' என்னும் பெயரிலேயே கையொப்பமிட்டார். வீரக்கதை பெண்ணால் வரையப்படுவது என அறிந்தால் வாசகர் விலகிவிடுவர் என்ற எண்ணம் அக்காலத்தில் இருந்தது. கதாநாயகிக்கு முன்னர் கதாசிரியையே முகமூடி அணிய நேர்ந்தது.

கதையின் தொடக்கம் எளியது. மார்லா டிரேக் என்னும் செல்வச் சீமாட்டி மாறுவேட விருந்தொன்றுக்குப் புறப்படுகிறாள். தான் அணியவிருந்த அதே உடையை வேறொருத்தியும் அணிந்து வருவதாக அறிந்து சினமுறுகிறாள். மாமன் ஆபிரிக்காவிலிருந்து கொணர்ந்து அவளுக்கு விட்டுச்சென்ற கருஞ்சிறுத்தைத் தோலை அணியலாமே எனப் பணிப்பெண் கூற, அத்தோலே வேடமாகிறது. அன்றிரவு வழியில் எதிர்ப்படும் குற்றவாளி ஒருவனை மடக்குவதோடு அவளது மறுவாழ்வு ஆரம்பமாகிறது. விமரிசன நோக்கில் மனங்கொள்ளத்தக்கது யாதெனில், பத்தாண்டளவு நீண்ட இக்கதையில் மார்லா அத்தோலை மிகச் சில தடவைகளே அணிகிறாள் என்பதாகும். பறக்கும் ஆற்றலோ குண்டு துளைக்காத உடலோ அவளுக்கில்லை. அவள் செய்வன யாவும் சாதாரண உடையிலேயே, குதிகாற் செருப்போடும் கைப்பையோடும் நிகழ்கின்றன. வேடத்தைக் களைந்த பின்னரும் எஞ்சுவது எதுவோ அதுவே அவளது வீரம் என மில்ஸ் கருதியிருக்க வேண்டும். வொண்டர் வுமனின் மந்திரக் கயிற்றைக் காட்டிலும் இது முதிர்ந்த கற்பனை என்பது என் துணிபு.

பகைவர் வரிசையும் கவனிப்புக்குரியது. எரிக்கா வொன் காம்ப் என்னும் நாசி உளவுச் சீமாட்டியின் நெற்றியிற் சுவத்திகக் குறி சுடப்பட்டிருக்கும். அதனை மறைக்க அவள் முன்மயிரை வெட்டிவிட்டுக்கொள்வாள். நன்மை தீமை ஆகிய இரண்டையும் பெண்களே முன்னின்று நடத்த, ஆடவர் பலர் அவர்களுக்கிடையே அகப்பட்டுத் தடுமாறுவோராகின்றனர். எரிக்காவின் குழந்தையை மார்லா காப்பாற்றித் தன் பிள்ளையாகவே வளர்க்கிறாள். மணமாகாத ஒருத்தி பகைவரின் பிள்ளையைத் தத்தெடுத்து வளர்ப்பதைப் பத்திரிகையின் குடும்பப் பக்கத்தில் 1940களில் வரைவதற்குத் துணிவு வேண்டும். இப்பகுதியின் படங்களை என் அம்மாயிக்குக் காட்டிக் கதையைக் கூறினேன். முப்பத்தைந்து ஆண்டுகள் கொழுந்து பறித்த அவர், சண்டைக் காட்சிகளில் ஆர்வங் காட்டவில்லை. "இவ வெளிய போனா புள்ளைய யாரு பாக்குறா? பிள்ளைக்காம்பிரா இருக்கா?" என்று மாத்திரம் கேட்டார். மில்ஸின் கதையில் அதற்கு விடையுண்டு. வீட்டிற் பணிப்பெண் இருக்கிறாள். அப்பணிப்பெண்ணின் பிள்ளை எங்கே என்பதற்கு அங்கும் விடையில்லை.

இவ்விடத்திலேயே நமது நோக்கு அமெரிக்க விமரிசகரின் நோக்கினின்றும் வேறுபட வேண்டியுள்ளது. அவர்கள் அக்கருந்தோலின் அழகையும், அதனை வரைந்த கோட்டின் நேர்த்தியையும் வியக்கின்றனர். மலையகத்தில் வளர்ந்த ஒருத்தி, அத்தோல் யாருடையது என்றே முதலிற் கேட்பாள். ஆபிரிக்கச் சடங்கொன்றுக்குரிய பொருளை மாமன் எடுத்து வந்தான். மருமகள் விருந்துக்கு அணிந்தாள். துரைமார் பங்களாச் சுவர்களிற் சிறுத்தைத் தோலும் மரைக்கொம்பும் தொங்கிய கதைகளைக் கேட்டு வளர்ந்தோர்க்கு இச்செய்தி புதிதன்று. 2020ஆம் ஆண்டு மே மாதம் நல்லதண்ணி, லக்ஷபான தோட்டப் பகுதியில் அரிதான கருஞ்சிறுத்தையொன்று கண்ணியில் அகப்பட்டுப் பின்னர் இறந்தது. அதற்கு முன்னர் அவ்விலங்கு நம் மலைகளில் உலவுவதையே பலர் அறிந்திருக்கவில்லை. அன்று அச்செய்தியை வாசித்தபோது மார்லா டிரேக்கை நான் அறியேன். இன்று அக்கதையை வாசிக்குந்தோறும் அக்கண்ணியே நினைவில் எழுகின்றது. போர்க்கால வீராங்கனையின் சுதந்திரம் பிறிதொரு நிலத்திலிருந்து உரித்தெடுக்கப்பட்ட தோலின்மீது நிற்கிறது என்பதை மறைத்து அவளைப் போற்றுவது நேர்மையாகாது. ஆபிரிக்கரையும் தென்னமெரிக்கப் பழங்குடியினரையும் அக்கதை சித்திரித்த முறையும் அக்காலத்து வெள்ளையர் பார்வையைத் தாண்டவில்லை.

அவ்வாறாயின் அவள் மறக்கப்பட்டது நியாயமா? அன்று. அவள் மறக்கப்பட்டதற்குக் காரணம் மேற்கூறிய குறை அன்று. அக்குறை அக்காலத்துக் கதாநாயகர் அனைவருக்கும் பொதுவானது, அவர்கள் மறக்கப்படவில்லை. 1942 முதல் 1946 வரை டைம்லி நிறுவனம் அவளது கதைகளை எட்டு இதழ்களாக மறுபதிப்புச் செய்தது. அந்நிறுவனமே பின்னர் மார்வல் ஆயிற்று. அமெரிக்கப் போர் விமானத்தின் மூக்கில் அவள் உருவம் வரையப்பட்டது. போர் முடிந்தது. தொழிற்சாலைகளில் நின்ற பெண்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். துப்பாக்கி ஏந்திய சித்திரப் பெண்களுக்கும் அதே கதி நேர்ந்தது. கதையில் வந்த நடன மாதொருத்தியின் ஆடை குறைந்ததெனக் கூறி 37 பத்திரிகைகள் ஒரே வேளையில் அதனை நிறுத்தின. 1950களின் தொடக்கத்தில் கதையே நின்றுபோயிற்று. வொண்டர் வுமனைக் காப்பதற்கு ஒரு நிறுவனம் இருந்தது. அவளை விற்பதில் அதற்கு இலாபமும் இருந்தது. மிஸ் ஃபியூரி ஒரு பெண்ணின் தனிமுயற்சி. அப்பெண் தூரிகையைக் கீழே வைத்ததும் அவளைத் தூக்கிச் சுமக்க எவருமில்லாது போயினர். மில்ஸ் 1988இல் மறைந்தார். டிரினா ரொபின்ஸ் என்னும் பெண்ணோவியர் 2011இல் அவரது ஞாயிறுப் பக்கங்களைத் தொகுத்து வெளியிட்டதனாலேயே நாம் இன்று அவற்றை வாசிக்க முடிகின்றது.

நம் மரபிற் பெண்ணின் வீரம் எங்ஙனம் பேசப்பட்டது என்பதையும் ஈண்டு சுருங்க நோக்கலாம். வீரயுகப் பாடல்களைப் பேராசிரியர் கைலாசபதி விரிவாக ஆராய்ந்துள்ளார். புறநானூற்றின் மறக்குடி மகளிர் மகனைக் களத்துக்கு அனுப்புவோர். அவன் மார்பிற் புண்பட்டானா முதுகிற் புண்பட்டானா எனத் தேடிச் செல்வோர். அவர்தம் வீரம் பிறிதொருவன் உடலில் நிகழ்வது. மலையகத்துப் பொன்னர் சங்கர் கூத்திலோ வேறொரு காட்சியுண்டு. படுகளத்தில் மாண்டுகிடக்கும் அண்ணன்மாரைத் தங்காள் எழுப்புகிறாள். மாண்டாரை மீட்கும் ஆற்றலைவிடப் பெரிய ஆற்றல் எந்தச் சித்திரக்கதையிலுமில்லை. எழுந்தவர் சிறிது நேரமே பேசி மீண்டும் மாள்கின்றனர். கூத்தின் பெயரோ பொன்னர் சங்கர் என்றே நிலைத்துவிட்டது. தங்காள் கூத்து என எவரும் அதனை அழைத்ததில்லை.

மாடஸ்தியிடம் மீள்வோம். அவள் 1963இல் பீற்றர் ஓடொனல் எழுத ஜிம் ஹோல்டவே வரைந்து இலண்டன் மாலைப் பத்திரிகையொன்றில் தோன்றியவள். ஆதலின் காலத்தாற் போர்க்கால நாயகியல்லள். பிறப்பாலோ அவள் போரின் பிள்ளை. 1942இல் பாரசீகத்தின் வடபகுதியிற் படைப்பணியாற்றிய ஓடொனல், தனியே நடந்துவந்த அகதிச் சிறுமி ஒருத்தியைக் கண்டார். கம்பியால் மரத்துண்டிற் பிணைத்த ஆணியொன்றைத் தற்காப்புக்காகக் கழுத்திற் கட்டியிருந்தாளாம். உணவை வாங்கி உண்டு, சிரித்துவிட்டு, தன் வழியே நடந்தாளாம். இருபதாண்டு கழிந்து அச்சிறுமியே மாடஸ்தியானாள். ஊரில்லை, பெற்றோரில்லை, தன் பெயரும் நினைவிலில்லை. முகாமிலிருந்து தப்பிய அகதி. பிரித்தானியக் குடியுரிமை பெறும்பொருட்டு ஆங்கிலேயன் ஒருவனை மணந்து உடனே பிரிந்தவள் என்றும் கதை கூறுகின்றது.

லயத்திற் குப்பிவிளக்கருகே அமர்ந்து இவளை வாசித்தோர் யாவர்? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஆவர். 1964இல் செய்யப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என விட்டது. எண்ணித்தான் பங்கிட்டார்கள், கேட்டுப் பங்கிடவில்லை. மாமாவின் தோழர் சிலர் அப்பெட்டியிலிருந்த இதழ்களை இரவல் வாங்கியவாறே, திருப்பிக் கொடுக்காமலே தலைமன்னாருக்கு இரயிலேறினர். கடவுச்சீட்டுக்காக ஒருத்தி கலியாணஞ் செய்துகொள்வது இலண்டன் வாசகனுக்கு வேடிக்கையாக இருந்திருக்கலாம். ஹற்றன் வாசகனுக்கு அது பக்கத்துக் காம்பிராவின் செய்தி. எஞ்சியோர் பிரச்சினை 2003ஆம் ஆண்டின் சட்டத்துடனேயே தீர்வை நெருங்கிற்று. மற்றொன்றையும் இங்கு சொல்லவேண்டும்: தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாட்சம்பளம் வந்ததும், லயன் முதலிதழில் மாடஸ்தி வந்த அதே 1984இற்றான். இரண்டிற்கும் தொடர்பேதுமில்லை. ஆனால் அவ்வாண்டுவரை, ஆணுக்கு நிகராக மலையேறி இறங்கிய என் அம்மாயி குறைந்த சம்பளமே பெற்றார் என்பதை அறிந்த பின், அட்டைப் படத்திலுள்ள அப்பெண்ணை முன்போலப் பார்க்க என்னால் இயலவில்லை.

இவ்வளவும் கூறியபின், மலையகத்தின் சொந்தப் போர்க்கால வீராங்கனை எவளுமில்லையா என்று வினவுவார்க்கு விடை கூறியாக வேண்டும். இருந்தாள். அவளும் மலிவுத்தாளிலேயே வாழ்ந்தாள், அவளும் மறக்கப்பட்டாள்.

தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யரை நாம் அறிவோம். 'தேசநேசன்', 'தேசபக்தன்' பத்திரிகைகளை நடத்தியவர், 1931இல் ஹற்றனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளருக்கெனத் தொழிற்சங்கம் அமைத்தவர், 1936இல் ஹற்றன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானவர், 1947இல் மறைந்தவர். அவர் மனைவி மீனாட்சியம்மாள் பத்திரிகைப் பணியில் உடனுழைத்தார்; கூட்டங்களிற் பாரதி பாடல்களைப் பாடினார்; தாமே பாடல் இயற்றினார். 1939இல் அரசாங்கப் பணியிலிருந்து இந்தியத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் விலக்கப்பட்டபோது, அவரது பாட்டு அதற்கு மறுமொழியாக எழுந்தது. 1940இல் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்னும் பாட்டுப் பிரசுரம் வெளிவந்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில், ஜனவரி 10ஆம் திகதி, முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டிற் பலியானார் என்பதை நினைவிற் கொண்டால், அப்பாடல்கள் எத்தகைய காற்றில் ஒலித்தன என்பது விளங்கும்.

டார்பே மில்ஸையும் மீனாட்சியம்மாளையும் ஒரே தட்டில் வைப்பது என் நோக்கமன்று. ஒருத்தி கற்பனையிற் பெண்ணொருத்தியை வீரச் செயலுக்கு அனுப்பினார். மற்றவர் தாமே பிரட்டுக்களத்து மக்கள் முன் நின்றார். ஒருத்தி பெயரை மறைத்தார். மற்றவர் தம் பெயரிலேயே பாடினார். ஆயினும் ஊடகத்தின் இயல்பில் ஓர் ஒற்றுமை உண்டு. மில்ஸ் சித்திரத்தைத் தேர்ந்தது வாசகர் கண்ணால் விரைந்து பற்றிக்கொள்வர் என்பதற்காக. மீனாட்சியம்மாள் மக்கள் நன்கறிந்த மெட்டுகளைத் தேர்ந்தது, எழுத்தறியாதவரும் காதாற் பற்றி வாயால் எடுத்துச் செல்வர் என்பதற்காக. அச்சிட்ட தாள் ஒருவர் கையில் இருந்தாற் போதும். மலை முழுவதும் அப்பாடல் பரவும். இவற்றைக் கவிதைத் தராசில் நிறுத்து, யாப்புப் பிழை கண்டு, பிரசாரம் என ஒதுக்கும் விமரிசனம், அவை எதற்காக ஆக்கப்பட்டனவோ அதனையே காணத் தவறுகின்றது. பாடலின் ஒவ்வோர் அடியும் கூட்டத்தில் உரத்துப் பாடத்தக்கதாக, கேட்டவுடன் பொருள் விளங்குவதாக அமைய வேண்டும். இது எளிய கலை அன்று. நம் புதுக்கவிஞர் பலருக்கு இது கைவராது என்று கூறுவதற்கு என்னை மன்னிக்க வேண்டும்.

அவரும் மறக்கப்பட்டார். சாரல்நாடன் 1988இல் வெளியிட்ட 'தேசபக்தன் கோ. நடேசய்யர்' என்னும் நூலும், அவருடைய பிற ஆய்வுகளும், குமாரி ஜயவர்த்தன போன்றோரின் எழுத்துக்களுமே அவர் பெயரை மீட்டுத் தந்தன. ஆயினும் மீட்கப்பட்ட பின்னரும் 'நடேசய்யரின் துணைவியார்' என்ற தொடருக்கு அப்பால் நம் பேச்சு செல்வது அரிது. தங்காளுக்கு நேர்ந்தது இவருக்கும் நேர்ந்திருக்கிறது.

மலையக இலக்கிய விமரிசனத்துக்கும் இதிற் பங்குண்டு. கொழுந்து பறிக்கும் பெண்ணை நாம் அவலத்தின் சின்னமாகவே வாசித்துப் பழகிவிட்டோம். அட்டை கடித்த கால், நனைந்த கம்பளி, அரைப்பேர், ஒழுகும் கூரை என்பன உண்மை. அவற்றை மறுப்பது பாவம். ஆனால் அவை மாத்திரமே உண்மை எனக் கொண்டால் என்.எஸ்.எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' போன்ற கதையை எவ்வாறு விளக்குவது? அதன் நாயகி தன் கைத்திறன்மீது எழுந்த சந்தேகத்துக்கு அழுது விடை கூறவில்லை. எல்லோர் கண்முன்னும் மீண்டும் கொழுந்து பறித்தே விடை கூறுகிறாள். அக்கதையை வாசித்துவிட்டு மிஸ் ஃபியூரியிடம் திரும்பினால், கருஞ்சிறுத்தைத் தோல் சற்று ஆடம்பரமாகவே தோன்றுகின்றது. இடுப்பிற் கட்டிய படங்கும் தலையிற் பூட்டிய கூடைக் கயிறும் அணிந்த ஒருத்தியை எந்த ஓவியரும் இதுவரை நாயகியாக்கி ஒரு சித்திரக்கதை வரையவில்லை என்பதும் உறுத்துகின்றது.

மாமாவின் தகரப்பெட்டி இன்றில்லை. ஒரு மழைக்காலத்தில் கூரைத் தகரம் பெயர்ந்து இதழ்கள் நனைந்து ஒட்டிக்கொண்டன. அம்மாயி அவற்றை அடுப்பெரிக்கப் பயன்படுத்தினார். குற்றம் அவருடையதன்று, ஈர விறகு பற்றுவதற்குத் தாள் வேண்டும். லயக்காம்பிராவிற் புத்தகம் நிலைப்பது கடினம். ஆதலின் நிலைக்கக்கூடிய கட்டடங்களை உடைய நாம் அப்பொறுப்பை ஏற்பதே முறை. மீனாட்சியம்மாளின் பாட்டுப் பிரசுரங்களைத் தேடித் தொகுத்து, பாடப்பட்ட மெட்டுகளை முதியோரிடம் கேட்டுக் குறித்து, முன்னுரையுடன் ஒரு சிறு நூலாக்குவதற்குப் பெருஞ்செலவு ஆகாது. மில்ஸுக்கு ஒரு ரொபின்ஸ் அறுபதாண்டு கழிந்து கிடைத்தார். நம் சங்கம் வரும் ஆண்டில் இதனை மேற்கொள்ளுமாயின், ஹற்றன், நுவரெலியாப் பகுதித் தோட்டங்களிற் சென்று முதியோரின் பாடல்களைப் பதிவுசெய்யும் வேலையை நானும் என்னுடன் பயிலும் இருவரும் ஏற்கத் தயாராக இருக்கிறோம். எண்பதைத் தாண்டிய சிலர் இன்னும் இருக்கிறார்கள்.